எங்களை அழ விடுங்கள், பாஸ்டர்

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதிலும் தமிழ்ச் சபைகளை மேய்க்கிற பாஸ்டர்மார்களுக்கும், ஆயர்களுக்கும், மூப்பர்களுக்கும், வீட்டு ஜெபக்கூட்டங்களை முன்னின்று நடத்துகிற அண்ணன் அக்காமார்களுக்கும் என் ஸ்தோத்திரங்கள்.

நான் செந்தூலில் பிறந்து வளர்ந்தவள். ஞாயிறு பள்ளியில் வசனம் மனப்பாடம் செய்தேன், பாடகர் குழுவில் நின்றேன், இப்போது நானே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சபையைக் குறை சொல்லிவிட்டு வெளியே போகிற எண்ணம் எனக்குக் கிடையாது. உள்ளே இருந்துகொண்டு, உங்கள் பிள்ளை என்ற உரிமையில் ஒரு காரியம் கேட்கிறேன். நம் சபைகளில் துக்கப்படுகிறவர்கள் மனம்விட்டுத் துக்கப்படவும், மனது நோய்ப்பட்டவர்கள் ஒளிக்காமல் மருந்து எடுக்கவும் இடம் கொடுங்கள்.

என் தம்பி மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனான். இரவு வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவன். இந்தக் கதை உங்களுக்குப் புதிதில்லை, மோட்டாரில் போன பிள்ளையை இழந்த வீடு இல்லாத தமிழ்ச் சபை இந்த ஊரில் இருக்குமா என்றே சந்தேகம். பெட்டி வீட்டுக்கு வந்தது முதல் அடக்கம் முடியும்வரை சபையார் எங்களை விட்டு நகரவில்லை. பிளாட்டுக்குக் கீழே கூடாரம் போட்டதும், நாற்காலி கொண்டுவந்ததும், ராத்திரி முழுக்க வந்தவர்களுக்குக் கோப்பி கலந்து கொடுத்ததும் அவர்கள்தான். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு. ஆனால் அதே இரண்டு நாட்களில் அம்மாவின் காதில் விழுந்த வார்த்தைகளும் இன்னும் அந்த வீட்டில் கிடக்கின்றன. "கர்த்தர் தப்பு செய்யமாட்டார் சிஸ்டர்." "அழகான பூவைத்தானே ஆண்டவர் முதலில் பறிப்பார்." "ஏதோ ஒரு நோக்கம் இருக்கும், பிறகு புரியும்." இதையெல்லாம் கூட அம்மா தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது வேறொன்று: "அழாதீங்க சிஸ்டர், சொந்தக்காரங்க எல்லாம் பார்த்துக்கிட்டு இருக்காங்க, சாட்சி கெட்டுப்போகும்."

இந்த வார்த்தையின் பாரம் உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அம்மா கல்யாணத்துக்குப் பிறகு இரட்சிக்கப்பட்டவர். அவருடைய பிறந்த வீடு முழுக்க இந்துக்கள், காப்பார் பக்கம் தோட்டத்தில் இருந்தவர்கள். முப்பது வருடமாக அவர்களுக்கு முன்னால் தன் ஆண்டவர் உயிருள்ளவர் என்று வாழ்ந்து காட்டியவர். அப்படிப்பட்டவரிடம் போய், நீ அழுதால் உன் தேவன் தோற்றுவிடுவார் என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? அழாமல் நின்றார். பெற்ற மகனின் பெட்டிக்குப் பக்கத்தில், வாயை இறுக்கிக்கொண்டு, வந்தவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டு நின்றார். "என்ன ஒரு விசுவாசம்" என்று எல்லாரும் மெச்சினார்கள். மூன்று மாதம் கழித்து அதே அம்மா படுக்கையைவிட்டு எழாமல், தலை வாராமல், சோற்றைப் பார்த்தால் குமட்டுகிறது என்று சொல்லிக் கிடந்தபோது, அந்த மெச்சுதல் எங்கே போனது என்றே தெரியவில்லை.

அந்த வீட்டில் ஒரே ஒருவர்தான் அழவேண்டிய விதத்தில் அழுதார். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா. எண்பதை நெருங்கியவர். பெட்டியைப் பார்த்ததும் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி தொடங்கினார். தம்பி பிறந்த அன்று பெய்த மழை, அவன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த சேலை, அவனுக்குப் பார்த்துவைத்திருந்த பெண், எல்லாம் அந்தப் பாட்டுக்குள் வந்தது. சபையில் ஒருவர் பக்குவமாகப் போய் அவர் கையைப் பிடித்து நிறுத்தச் சொன்னார். கீபோர்டின் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினார்கள், துதிப் பாடல் தொடர்ந்தது. பெரியம்மா மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார். ரொம்ப நாள் கழித்து அம்மா என்னிடம் சொன்னார்: அன்றைக்கு அத்தனை பேர் அத்தனை பாட்டுப் பாடினார்களே, அக்கா பாட்டில் மட்டும்தான் என் பிள்ளை இருந்தான்.

ஒப்பாரி புறஜாதியார் வழக்கம் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். வேதத்தைத் திறந்து பார்த்தால் அப்படித் தெரியவில்லையே, பாஸ்டர். எரேமியா தீர்க்கதரிசி ஒன்பதாம் அதிகாரத்தில், புலம்பத் தெரிந்த பெண்களைக் கூப்பிட்டு வரச் சொல்கிறவர் கர்த்தரே. சவுலும் யோனத்தானும் இறந்தபோது தாவீது பாடியது பச்சையான ஒப்பாரி, அதை யூதா புத்திரருக்குக் கற்றுக்கொடுக்கவும் சொன்னார். அப்சலோம் செத்தபோது ஒரு ராஜா வாசலுக்கு மேலே இருந்த அறைக்கு ஏறிப்போய் மகன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். புலம்பல் என்றே ஒரு முழுப் புத்தகம் நம் வேதத்தில் இருக்கிறது. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் "இயேசு கண்ணீர் விட்டார்." அங்கே சுற்றி நின்ற யூதர்கள் அதைப் பார்த்து, இவர் அவனை எவ்வளவாய் நேசித்தார் என்றுதான் சொன்னார்கள். ஆண்டவருடைய சாட்சி அந்தக் கண்ணீரால் கெட்டுப்போகவில்லை.

பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதைத்தான் நீங்கள் அடக்க ஆராதனையில் வாசிப்பீர்கள். நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்காதபடிக்கு என்று வருகிற அந்தப் பகுதி. அதை வாசித்துவிட்டு, ஆகவே அழக்கூடாது என்று முடிக்கிறவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். பவுல் துக்கத்தைத் தடை செய்யவில்லை, நம்பிக்கையோடு துக்கப்படச் சொல்கிறார். அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது மரணத்தைக் கடைசிச் சத்துரு என்கிறார். சத்துரு! அப்படியானால் பெட்டிக்கு முன்னால் நின்று, அந்தச் சத்துரு செய்ததை ஆண்டவர் பூப்பறித்ததாக ஏன் மாற்றிப் பேசுகிறோம்? உயிர்த்தெழுதலை மெய்யாக நம்புகிறவர்கள் மரணத்தின் கொடுமையைக் குறைத்துச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

ஞாயிறு ஆராதனையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல் சங்கீதங்கள். நம் ஆராதனையில் அவற்றுக்கு எவ்வளவு இடம்? தொடக்கத்திலிருந்து கடைசிவரை வெற்றி, ஜெயம், நடனம், கைதட்டல். பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்த தாய் இரண்டாவது வாரம் அந்த ஆராதனையில் நின்றுகொண்டிருக்கிறார், மேடையிலிருந்து "எல்லாரும் சிரித்த முகத்தோடு பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்கிறார்கள். அவர் எப்படிச் சொல்வார்? 88ஆம் சங்கீதத்தை ஒருமுறையாவது சபையாக எழுந்து நின்று வாசித்திருக்கிறோமா? மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும், அது திரும்புவதில்லை. "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்" என்று தேவனிடமே முறையிட்டு, இருட்டிலேயே முடிகிறது. பரிசுத்த ஆவியானவர் அதை அப்படியே வேதத்தில் வைத்திருக்கிறார் என்றால், அப்படி ஒரு ஜெபத்தோடு வருகிறவர்களுக்கும் ஆலயத்தில் இடம் உண்டு என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சரி, மருந்து விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதும்போதுதான் எனக்குக் கை நடுங்குகிறது.

அம்மாவை நான் கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்கு, கூட்டிப்போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, நிதானமாகப் பேசி, மனநல நிபுணரிடம் அனுப்பினார். சாதாரண துக்கமும் மனச்சோர்வு நோயும் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றல்ல என்று அவர்தான் எங்களுக்கு விளக்கினார். துக்கம் அலை அலையாக வரும், நடுவில் கொஞ்சம் மூச்சுவிட முடியும், இறந்தவரின் குறும்பைச் சொல்லிச் சிரிக்கவும் முடியும். மனச்சோர்வு நோயில் அந்த இடைவெளி இருக்காது. இரண்டு வாரத்துக்கு மேலாக நாளின் பெரும்பகுதி மனம் பாரமாகவே இருக்கும், எதிலும் பிடிப்பு இருக்காது, தூக்கமும் பசியும் கெட்டுப்போகும், நான் எதற்கும் லாயக்கில்லாதவள், நான் இருந்து என்ன பயன் என்கிற நினைப்பு விடாது. அப்புறம் இன்னொன்றும் உண்டு. துக்கமே ஆறாமல், மாதக்கணக்கில் ஆளை முடக்கிப் போட்டுவிடுவது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் அதற்குத் தனி இடம் இருக்கிறது, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால் அதற்கும் சிகிச்சை வேண்டும் என்கிறார்கள்.

அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தார்கள். இந்த மாத்திரைகள் காய்ச்சல் மாத்திரைபோல அன்றைக்கே வேலை செய்யாது, பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் அதிகம். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். அம்மாவுக்கு மெல்ல மெல்லத் தூக்கம் வர ஆரம்பித்தது. ஒரு நாள் அவராகவே எழுந்து ரசம் வைத்தார். எனக்கு அது பெரிய அற்புதம்.

அந்தச் சமயத்தில்தான் ஓர் உபவாச ஜெபத்துக்கு வெளியூரிலிருந்து ஒருவர் பிரசங்கிக்க வந்தார். யார், எந்தச் சபை என்பதெல்லாம் இங்கே வேண்டாம். "மனநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த இடத்தில் இருக்கிறீர்கள், அது பிசாசின் கட்டு, விசுவாசத்தோடு இன்றைக்கே தூக்கி எறியுங்கள்" என்றார். எண்ணெய் பூசி ஜெபித்தார். அம்மா வீட்டுக்கு வந்து மாத்திரைகளைக் குப்பையில் போட்டுவிட்டார், எங்களிடம் சொல்லவில்லை. சில நாட்களிலேயே தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை, காரணமில்லாத கோபம், பயம். மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு இப்படித்தான் செய்யும், அதனால்தான் டாக்டர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். அம்மாவுக்கு அது தெரியாது. தனக்கு விசுவாசம் போதவில்லை, பிசாசு திரும்பி வந்துவிட்டான் என்றே நம்பினார். அதற்குப் பிறகு வந்த வாரங்களில், சாக வேண்டும் என்று அம்மா வாய்விட்டுச் சொன்னதை நான் கேட்டேன். அந்தப் பிரசங்கியார் அதற்குள் தன் ஊருக்குப் போய்விட்டார். அவர் சொன்னதன் விளைவோடு ராத்திரி விழித்திருந்தது நாங்கள்.

நம் சபைகளில் இனிப்பு நீர் இல்லாத வீடு எது? இன்சுலின் ஊசியைக் கீழே போடச் சொல்லி எந்த மேடையிலாவது துணிந்து சொல்வீர்களா? மாட்டீர்கள், ஏனென்றால் அடுத்த வாரமே ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்க வேண்டிவரும் என்று தெரியும். மூளையும் சரீரத்தின் ஓர் அவயவம்தானே. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, உன் வயிற்றுக்காகவும் அடிக்கடி நேரிடுகிற பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்றார். தன் கைக்குட்டை பட்டு வியாதியஸ்தர்கள் சுகமான அப்போஸ்தலர் அவர். தன் ஆவிக்குரிய மகனிடம் உனக்கு விசுவாசம் குறைவு என்று எழுதவில்லை. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தேன் என்றும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நான் சுகமளிக்கும் ஜெபத்துக்கு எதிரி அல்ல. எங்கள் வீட்டில் தினமும் ஜெபிக்கிறோம். ஜெபியுங்கள், எண்ணெய் பூசுங்கள், உபவாசம் இருங்கள், கூடவே "டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்று மேடையிலேயே ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லுங்கள்.

எலியாவின் கதையை நீங்கள் எங்களுக்குப் பலமுறை பிரசங்கித்திருக்கிறீர்கள். கர்மேலில் அக்கினி இறங்கின கதை. அடுத்த அதிகாரம் அவ்வளவாகப் பிரசங்கத்தில் வருவதில்லை. சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று அதே எலியா கேட்கிறார். தேவதூதன் வந்து என்ன செய்தான்? கடிந்துகொள்ளவில்லை, பிசாசைத் துரத்தவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா மறுபடியும் தூங்கினார். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். தேவன் பேசியது அதற்கெல்லாம் பிறகுதான். மனம் உடைந்தவரை எப்படிக் கவனிப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எந்த வேதாகமக் கல்லூரியிலும் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

அந்தத் தூதன் செய்த வேலையை எங்கள் வீட்டில் ஓர் அத்தை செய்தார். சபையில் அவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை, ஜெபிக்கச் சொன்னால்கூட வெட்கப்படுவார். அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு அவர் வர ஆரம்பித்தார். வியாழக்கிழமைதோறும் பஸ் ஏறி வருவார். பாத்திரம் கழுவுவார், கஞ்சி வைப்பார், அம்மாவின் தலையில் எண்ணெய் தேய்த்துப் பின்னிவிடுவார். வசனம் சொல்ல மாட்டார். அம்மா தம்பியைப் பற்றிப் பேசினால் கேட்பார், பேசாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து பயறு பொறுக்குவார். யோபுவின் சிநேகிதர்களும் முதல் ஏழு நாள் இப்படித்தான் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கெட்டது வாயைத் திறந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான், "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று யோபு சொன்னதும் அப்போதுதான். இந்த அத்தையைப் போன்றவர்கள் உங்கள் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். மைக் கொடுக்க வேண்டாம், அவர்களை அடையாளம் கண்டு, துக்க வீட்டுக்கு மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் அனுப்புங்கள். முதல் வாரம் எல்லாரும் வருவார்கள்.

இப்போது சொல்லப்போவது இன்னும் கஷ்டமானது. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்ட ஒரு பிள்ளையின் அடக்கத்துக்கு நான் போயிருக்கிறேன். அந்த ஆராதனையில் பிரசங்கம் முழுக்க எச்சரிக்கையாக இருந்தது. இளைஞர்களே, இப்படிச் செய்தால் நித்திய நரகம் என்று, பெற்றவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னார்கள். அந்தத் தகப்பனார் அதற்குப் பிறகு எந்தச் சபைக்கும் போகவில்லை.

சவுல் ராஜா எப்படி இறந்தார் என்று உங்களுக்குத் தெரியும். யுத்தத்தில் நம்பிக்கை இழந்து தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர். யாபேஸ் கீலேயாத்தின் ஆட்கள் அதைக் கேள்விப்பட்டு, இரவு முழுவதும் நடந்துபோய், சத்துருக்கள் அவமானப்படுத்தி வைத்திருந்த அந்த உடலை எடுத்துவந்து, எலும்புகளை மரத்தடியில் அடக்கம்பண்ணி, ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள். தாவீது அவர்களுக்கு ஆள் அனுப்பி, இந்தத் தயவைச் செய்ததற்காகக் கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக என்றார். அந்த இடத்தில் நரகத்தைப் பற்றி வேதம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு இப்படி இறந்தவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது, 1983ஆம் ஆண்டின் புதிய தொகுப்பில் அந்தத் தடை இல்லை. 1992இல் வந்த அவர்களுடைய மறைக்கல்வி, கடுமையான மனநோய் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், இப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது என்றும் சொல்கிறது. நம் நாட்டிலேயே, தற்கொலைக்கு முயன்றவரை ஓராண்டுவரை சிறையில் வைக்க இடம் தந்த குற்றவியல் சட்டத்தின் 309ஆவது பிரிவை நாடாளுமன்றம் 2023இல் நீக்கிவிட்டது. தண்டிக்க வேண்டியவர் என்ற இடத்திலிருந்து உதவி வேண்டியவர் என்ற இடத்துக்கு அரசாங்கம் வந்துவிட்டது. கிருபையைப் பிரசங்கிக்கிற நாம் அதற்குப் பின்னால் நிற்கலாமா?

இது யாரோ ஒரு சிலருக்கு வரும் காரியமும் இல்லை. சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருப்பதாகத் தெரிந்தது. 2023 ஆய்வில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் அது 4.6 விழுக்காடு, ஏறக்குறைய பத்து லட்சம் பேர். இருநூறு பேர் உட்கார்ந்திருக்கிற உங்கள் ஆராதனையில் அவர்கள் யாருமே இல்லை என்று நினைக்கிறீர்களா? இருக்கிறார்கள், வாயைத் திறக்கப் பயந்துகொண்டு. பேராவில் 1911இல் கட்டப்பட்ட மனநல மருத்துவமனை இருக்கிறது என்பதற்காகத் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிற சமூகம் நாம். அந்த வசையை வெளியே கேட்டுப் பழகியவர்கள், சபைக்குள்ளே வந்தால் "விசுவாசக் குறைவு" என்ற இன்னொன்றைக் கேட்கிறார்கள்.

உங்களையும் நினைக்கிறேன், பாஸ்டர். 2021 ஜூலையிலும் ஆகஸ்டிலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் கோவிட் மரணங்கள் குவிந்தபோது நீங்கள் எத்தனை வீட்டுக்குத் தொலைபேசியிலேயே ஜெபம் செய்தீர்கள், முகம் பார்க்காமல் எத்தனை பேரை அடக்கம் செய்தீர்கள். அந்தத் துக்கத்தை நீங்கள் எங்கே போய் இறக்கிவைத்தீர்கள்? உங்களுக்கு ஜெபிக்க யார்? இங்கிலாந்துப் பிரசங்கியார் ஸ்பர்ஜனை நீங்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுவீர்கள். 1856இல், அவருக்கு 22 வயதாக இருக்கும்போது, லண்டனில் அவர் பிரசங்கித்த மண்டபத்தில் யாரோ தீ என்று கத்தியதில் கூட்டம் நெரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர் அப்படியே உடைந்துபோனார், பிரசங்க மேடைக்கு இனித் திரும்புவாரா என்றே கூட இருந்தவர்கள் பயந்தார்கள். மனச்சோர்வு வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை, அதைத் தன் மாணவர்களிடம் அவர் மறைக்கவும் இல்லை. அவருடைய பிரசங்கங்களை எடுக்கிற நாம் இதையும் சேர்த்து எடுக்கலாமே. மேடையில் நீங்கள் ஒருமுறை "எனக்கும் இந்த மாதம் மனம் பாரமாக இருக்கிறது, எனக்காக ஜெபியுங்கள்" என்று சொன்னால், அன்றைக்கே பத்துப் பேர் உங்களைத் தேடி வருவார்கள்.

அந்த 2021இல் அடக்க ஆராதனைகூட இல்லாமல் போனவர்களுக்காக நம் சபைகள் பிறகு என்ன செய்தன? கத்தோலிக்க மக்கள் நவம்பர் 2ஆம் தேதி கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றி, பூ வைத்து, பெயர் சொல்லி ஜெபிக்கிறார்கள். உபதேச வேறுபாடு இருக்கட்டும், அந்த அளவுக்காவது வருடத்தில் ஒரு ஞாயிறு, நமக்கு முன் போனவர்களின் பெயர்களை ஆராதனையில் வாசிப்பதில் என்ன குற்றம் வந்துவிடும்? என் தம்பியின் பெயர் அந்த ஆலயத்தில் கடைசியாக ஒலித்தது அவனுடைய அடக்கத்தன்று.

அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். மருந்தை மறுபடி தொடங்கி, கவுன்சலிங் போய், நல்லபடியாக இருக்கிறார். முழுக்கச் சுகமாகிவிட்டார் என்று சாட்சி எழுத முடியாது, தம்பியின் பிறந்தநாள் வாரத்தில் இன்னும் விழுந்துவிடுவார். ஜெபிக்க வார்த்தை வராத நாட்களில் ரோமர் எட்டாம் அதிகாரத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொள்வார். நாம் வேண்டிக்கொள்ள வேண்டியது இன்னதென்று தெரியாதபோது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று அங்கே இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த நாட்களைக் கடக்கிறார். மகனை மறுபடி பார்ப்பேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அந்த உறுதி இருப்பதால்தான் இப்போது அவரால் யார் முன்னாலும் அழ முடிகிறது, பெரியம்மா முன்னாலும் கூட. அக்காளும் தங்கையும் சேர்ந்து உட்கார்ந்து அழுதுவிட்டு, பிறகு அம்மா ஜெபிப்பார், பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். எந்தச் சாட்சி கெட்டுப்போகும் என்று அன்றைக்குப் பயந்தோமோ, அது கெடவில்லை.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். வாராந்தர அறிக்கைத் தாளில், காணிக்கைக் கணக்குக்குப் பக்கத்தில், மனம் உடைந்தவர்கள் கூப்பிட்டுப் பேசக்கூடிய இரண்டு தொலைபேசி எண்களை நிரந்தரமாகப் போடுங்கள். 24 மணி நேரமும் எடுக்கிற பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் 15555. இரண்டையும் அறிவிப்பு நேரத்தில் வாயாலும் சொல்லுங்கள், வாசிக்கத் தெரியாத பாட்டிமார்களும் பேரப்பிள்ளைகளிடம் சொல்லட்டும். வெளியிலிருந்து பிரசங்கியாரை அழைக்கும்போது மருந்தைப் பற்றி மேடையில் பேச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கவுன்சலராகவோ நர்ஸாகவோ வேலை செய்கிறவர்கள் உங்கள் சபையிலேயே இருந்தால், ஒரு சனிக்கிழமை மூப்பர்களை உட்காரவைத்து அவர்கள் பேசக் கேளுங்கள்.

எங்கள் சபையின் மூப்பர்களுக்குத் தனியாக ஒன்று. ஞாயிறு பள்ளி அறை பிற்பகல் ஒரு மணிக்குக் காலியாகிவிடுகிறது. மாதத்தின் கடைசி ஞாயிறு அந்த அறையை எங்களுக்குத் தாருங்கள். நானும் அம்மாவும் அந்த அத்தையும் அங்கே இருப்போம். இழந்தவர்கள், மனம் சரியில்லாதவர்கள், வீட்டில் அப்படி ஒருவரை வைத்துக் கவனிக்கிறவர்கள், யார் வேண்டுமானாலும் வரலாம், எந்தச் சபையிலிருந்தும் வரலாம். ஒரு சங்கீதம் வாசிப்போம், பேச விரும்புகிறவர்கள் பேசட்டும், அங்கே கேட்டது அந்த அறையைத் தாண்டாது. கோப்பியும் பலகாரமும் எங்கள் பொறுப்பு. அடுத்த மூப்பர் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, எந்த மாதத்திலிருந்து தொடங்கலாம் என்று எனக்குச் சொல்லுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியை, செந்தூல்